கடலுக்கடியில் ஒலி வரும் திசையைக் கண்டறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதியில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சிலருக்குச் சோனார் சமிக்ஞைச் செயலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். வகுப்பு முடிந்து காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் கேள்விகள் தமிழில் வரும். ஒரே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் கேட்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பாடப்புத்தகங்களின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆழமான, குளிர்ந்த பெருங்கடலுக்கு எழுதப்பட்டவை. நம் சிங்கப்பூர்க் கடல் ஆழம் குறைந்தது, வெதுவெதுப்பானது, ஓயாமல் சத்தம் போடுவது. அங்கே சரியாக வரும் கணக்கு இங்கே ஏன் தவறுகிறது என்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சோனார் என்றால் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதுதானே? திசை கண்டுபிடிப்பதில் தனியாக என்ன இருக்கிறது?

அனுப்பிக் கேட்பது ஒரு வகை. எதையும் அனுப்பாமல், கப்பலின் சுழலி, இயந்திரம், மீன், திமிங்கிலம் என எது சத்தம் போட்டாலும் காது கொடுத்துக் கேட்பது இன்னொரு வகை. இரண்டிலுமே "அது எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்குத் தனியாக விடை காண வேண்டும். அனுப்பிக் கேட்டால் எதிரொலி திரும்பிவரும் நேரத்திலிருந்து தூரம் கிடைத்துவிடும். வெறுமனே கேட்டால் முதலில் கையில் கிடைப்பது திசை மட்டுமே. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றியே பேசுகிறேன்.

இரண்டு ஹைட்ரோஃபோன் இருந்தால் திசை தெரிந்துவிடுமா?

ஓரளவு தெரியும். ஹைட்ரோஃபோன் என்பது தண்ணீருக்குள் வேலை செய்யும் மைக். 1 மீட்டர் இடைவெளியில் இரண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நேர் எதிரே இருக்கும் படகின் ஒலி இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும். படகு 30 டிகிரி விலகியிருந்தால் ஒலி ஒன்றைத் தொட்டபின் மற்றதை அடைய அரை மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். நம் கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகிறது. ஆகவே வித்தியாசம் 0.32 மில்லிநொடி. இந்தத் தாமதத்தை அளந்து, ஒலிவேகத்தால் பெருக்கி, இடைவெளியால் வகுத்தால் கோணத்தின் சைன் மதிப்பு வந்துவிடும்.

நொடிக்கு 48,000 மாதிரி, அதாவது ஒலியின் அளவீடு, எடுக்கும் ஒலிக்கருவியில் அந்தத் தாமதம் 15 அல்லது 16 மாதிரிகள். ஒரு மாதிரி பிசகினால், நேர் எதிரே இருக்கும் படகுக்கு ஏறக்குறைய 1.8 டிகிரி பிழை வரும். 1 கிலோமீட்டர் தள்ளி அது 30 மீட்டருக்கு மேல். மாதிரிகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் கணித்து எடுக்கும் வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்த வேண்டியதுதான்.

மனிதனுக்கும் இரண்டு காதுதானே? முக்குளிப்பவருக்குப் படகு எந்தப் பக்கம் வருகிறது என்று ஏன் தெரிவதில்லை?

காற்றில் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஒலி போய்ச்சேரும் அதிகபட்சத் தாமதம் 0.6, 0.7 மில்லிநொடி. மூளை அதற்குப் பழகியிருக்கிறது. தண்ணீரில் ஒலி நான்கரை மடங்கு வேகம். தாமதம் 0.15 மில்லிநொடியாகச் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, தண்ணீரும் தலையும் அடர்த்தியில் நெருங்கியவை என்பதால் தலை ஒலியை மறைப்பதும் குறைந்துவிடுகிறது. சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் இருக்கும். இங்குள்ள ஹந்து தீவில் முக்குளித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மேலே படகு வருவது தெரியும், எங்கே என்று தெரியாது என்பார்கள்.

ஆனால் பயிற்சியால் இதைத் தாண்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மலேசியாவின் திரங்கானு கரையோரத்தில் "ஜூரு செலாம்" எனப்படும் மீனவர்கள் தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி, கெலாமா மீன் கூட்டத்தின் குரலைக் கேட்டு, அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்லி வலை விரிக்கச் செய்வார்கள். கருவியில்லாமல் திசை காணும் அந்தக் கலை இப்போது மிகச் சிலரிடம்தான் மிஞ்சியிருக்கிறது. நாம் எழுதும் நிரல்களைவிட அது எனக்கு வியப்பளிக்கிறது.

பீம்ஃபார்மிங் என்றால் என்ன?

தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் வடம் பிடித்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் இழுத்தால் நகரும். ஹைட்ரோஃபோன் வரிசையில் ஒரு திசையிலிருந்து வரும் ஒலி ஒவ்வொரு ஹைட்ரோஃபோனையும் சற்று முன்னும் பின்னுமாகத் தொடுகிறது. அந்தத் திசைக்கு ஏற்ற தாமதத்தை ஒவ்வொன்றுக்கும் கொடுத்து நேரத்தைச் சமன் செய்துவிட்டுக் கூட்டினால், அந்தத் திசையின் ஒலி எல்லாம் சேர்ந்து இழுக்கும். மற்றத் திசைகளின் ஒலியும் இரைச்சலும் ஒன்றையொன்று தின்றுவிடும். 16 ஹைட்ரோஃபோன் இருந்தால் ஒலியின் வீச்சு 16 மடங்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சலின் வீச்சு 4 மடங்குதான். டெசிபெலில் 12 லாபம். தாமதத்தை மாற்றி மாற்றி எல்லாத் திசையையும் ஒருமுறை "பார்த்து", எங்கே அதிக ஆற்றல் என்று வரைபடம் போட்டால் அதன் உச்சிதான் விடை.

அரை அலைநீள இடைவெளியில் 16 ஹைட்ரோஃபோன் கொண்ட வரிசையின் கற்றை, அதாவது அது ஒரே சமயத்தில் காது கொடுக்கும் கோணம், நேர் எதிரே சுமார் 6.3 டிகிரி அகலம். அதைவிட நெருங்கிய இரண்டு கப்பல்கள் ஒன்றாகத் தெரியும். தனியாக ஒரு கப்பல் மட்டும் இருந்தால், இரைச்சல் அனுமதிக்கும்வரை, கற்றை அகலத்தில் சிறு பகுதி அளவுக்குத் துல்லியமாக அதன் திசையைச் சொல்லலாம். இரண்டையும் பிரித்தறிவது வேறு, ஒன்றின் திசையைத் துல்லியமாகச் சொல்வது வேறு. மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

ஹைட்ரோஃபோன்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும்?

கேட்க நினைக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் அலைநீளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. 1 கிலோஹெர்ட்ஸுக்கு 77 சென்டிமீட்டர். 10 கிலோஹெர்ட்ஸுக்கு 7.7 சென்டிமீட்டர். இடைவெளி கூடினால் இல்லாத திசைகளில் பொய்யான உச்சிகள் முளைக்கும், உண்மையானதற்கும் அவற்றுக்கும் உயரத்தில் வித்தியாசமே இருக்காது. மிகக் குறைத்துவிட்டால் வரிசை குட்டையாகிக் கற்றை அகன்றுவிடும்.

சிங்கப்பூர்க் கடலில் பதிவு செய்தால் கடுகு தாளிப்பது போன்ற சத்தம் கேட்கிறது. கருவி பழுதா?

கருவி நன்றாகவே இருக்கிறது. அது சொடுக்கும் இறால். விரல் நீளம்கூட இல்லாத உயிர். ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பெரிது. அதைப் படாரென்று மூடும்போது தண்ணீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உருவாகிறது. அந்தக் குமிழி உடைவதுதான் நமக்குக் கேட்கும் சொடுக்கு. கொடுக்கு மோதும் சத்தம் என்றுதான் முன்பு நம்பினார்கள். 2000ஆம் ஆண்டில் அதிவேகக் கேமராவால் படம்பிடித்த பிறகே குமிழி என்று உறுதியானது. ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 190 டெசிபெல் வரை எட்டும். இது நீருக்கடி அளவுகோல், காற்றில் சொல்லும் டெசிபெலோடு ஒப்பிட வேண்டாம். சில கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரை பரவியிருக்கும் ஓசை.

வெப்பமண்டலத்தின் ஆழம் குறைந்த கடலில், பாறை, பவளம், படகுத்துறைத் தூண் எங்கும் இவை வாழ்கின்றன. செயிண்ட் ஜான்ஸ் தீவின் படகுத்துறையில் ஹைட்ரோஃபோனை இறக்கினால் முதலில் காதில் விழுவது இவைதான், கப்பல் பிறகு.

சத்தம் அதிகம் என்பது பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி அதன் குணம். பாடப்புத்தகக் கணக்கெல்லாம் இரைச்சல் காஸியப் பரவலில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. அதாவது சராசரியைவிட மிகப் பெரிய மதிப்பு வருவது மிக அரிது. இறால் இரைச்சலில் அது அடிக்கடி வரும். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். வரிசைக்குப் பக்கத்தில் ஓர் இறால் சொடுக்கி, ஒரு மாதிரியின் வீச்சு வழக்கத்தைவிட 100 மடங்கு உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். திசைக்கணிப்பு முறைகள் அனேகமாக எல்லாமே வீச்சைத் தன்னோடு பெருக்கித்தான் சராசரி எடுக்கின்றன. அந்த ஒரே மாதிரியின் எடை 10,000 மாதிரிகளுக்குச் சமம். 48,000 மாதிரி விகிதத்தில் அது 0.2 நொடிப் பதிவு. படகைக் கேட்டுச் சேர்த்த அத்தனை சாட்சியையும் ஓர் இறால் ஒரே சொடுக்கில் தட்டிவிடுகிறது. வரைபடமோ படகின் திசையைக் காட்டாமல் இறால் ஒட்டியிருக்கும் தூணைக் காட்டும்.

அப்படியானால் இறால் சத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

முதல் வேலை, வெட்டுவது. ஒவ்வொரு ஹைட்ரோஃபோனிலும் வீச்சின் இடைநிலை அளவை, அதாவது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வரும் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். சராசரி வேண்டாம், அதையே இறால் கெடுத்திருக்கும். இடைநிலையைப்போல் மூன்று நான்கு மடங்குக்கு மேல் போகும் மாதிரிகளை அந்த அளவிலேயே நறுக்கிவிடுங்கள். பிறகு பீம்ஃபார்மிங் செய்யுங்கள். நாலு வரி நிரல். இதனால் சமிக்ஞை சற்று உருமாறும், உண்மைதான். ஆனால் கிடைக்கும் ஆதாயத்தின் முன் அது ஒன்றுமில்லை. எதை முதலில் செய்வது என்பது முக்கியம்: முதலில் வெட்டு, அப்புறம் வடிகட்டி. வடிகட்டியபின் கூர்மையான சொடுக்கு பக்கத்து மாதிரிகளிலும் கரைந்து பரவிவிடும், பிறகு வெட்டிப் பயனில்லை.

இதைவிட நுணுக்கமாகப் போக விரும்பினால், இறால் இரைச்சலுக்கு மிகப் பெரிய மதிப்புகள் அடிக்கடி வருவதையும் கணக்கில் கொள்ளும் ஆல்ஃபா நிலைப் பரவல் என்ற கணித மாதிரி நன்றாகப் பொருந்துகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடம் இந்தக் கடலிலேயே பதிவு செய்து இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. வீச்சை இருமடிக்குப் பெருக்காமல் குறைந்த அடுக்கில் கையாளும் முறைகள் அங்கிருந்து கிளைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அதே ஆய்வுக்கூடத்தின் ரோமானிஸ் கருவி. 500க்கும் மேற்பட்ட உணரிகளைக் கொண்ட அந்த வரிசை, இறால் சத்தத்தைப் பகல் வெளிச்சம்போலப் பயன்படுத்தியது. பொருளின் மீது இறால் ஒலி பட்டுத் தெறிப்பதைக் கேட்டே அதன் உருவத்தை வரைந்தது. தானாக எந்த ஒலியையும் அனுப்பவில்லை.

எதிரொலிகள் திசையைக் கெடுக்குமா?

கெடுக்கும். ஆனால் எல்லா எதிரொலியும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் "மல்டிபாத்" (ஒலி பல வழிகளில் வருவது) என்று ஒரே சொல்லில் பலர் கடந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூர் நீரிணையில் பெரும்பகுதி சில பத்து மீட்டர் ஆழம்தான். ஒரு கப்பலின் ஒலி நேராகவும், கடல்பரப்பில் பட்டும், அடித்தரையில் பட்டும் வந்து சேரும். தரை சமமாக இருந்தால் இவை எல்லாம் ஒரே செங்குத்துத் தளத்தில் வருகின்றன. மேலிருந்தும் கீழிருந்தும் வந்தாலும் கிழக்கிலிருந்து வந்தது கிழக்கிலிருந்தே வருகிறது. கப்பல் வரிசைக்கு நேர் எதிரே இருந்தால் பாதிப்பே இல்லை. வரிசையின் நீளவாக்கில், அதாவது முனைப்பக்கம் இருந்தால் பாதிப்பு பெரிது. கிடைமட்ட வரிசைக்கு உயரக் கோணமும் பக்கக் கோணமும் பிரித்துத் தெரியாது. 20 டிகிரி மேலிருந்து வரும் எதிரொலியை, முனையிலிருந்து 20 டிகிரி பக்கவாட்டில் விலகிய வேறொரு கப்பலாகவே அது காட்டும். ஆகவே முனைப்பக்கத்துக் கணிப்புகளை நான் எப்போதும் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

இரண்டாவது வகை கடற்சுவர், நங்கூரமிட்ட கப்பலின் உடல், திட்டுப்பாறை ஆகியவற்றில் பட்டு வருவது. இது பக்கத் திசையையே மாற்றிவிடும். வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருக்கும்போது யாரோ நம் பெயரைக் கூப்பிட்டால் தூண்களிலும் சுவர்களிலும் மோதி வேறு பக்கத்திலிருந்து கேட்குமே, அதேதான். எந்நேரமும் ஏறக்குறைய ஆயிரம் கப்பல்கள் நிற்கும் துறைமுகம் இது. கப்பலின் பக்கம் ஒவ்வொன்றும் ஒரு சுவர். ஒரே சத்தம் இரு திசைகளில் தெரிந்தால், இரண்டின் அலைவடிவத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதன் தாமதித்த நகல் என்றால், முதலில் வந்ததை நம்புங்கள்.

மியூசிக் முறை பீம்ஃபார்மிங்கைவிடச் சிறந்தது என்கிறார்களே?

ரால்ஃப் ஷ்மிட் உருவாக்கி 1986இல் ஆய்விதழில் வெளிவந்தது மியூசிக். ஹைட்ரோஃபோன்களின் பதிவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அட்டவணையை (உடன்மாறுபாட்டு அணி) ஐகன் திசையன்களாகப் பிரித்து, சமிக்ஞைக்கு ஒரு வெளி, இரைச்சலுக்கு ஒரு வெளி என்று பிரிக்கும். கற்றை அகலத்துக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு மூலங்களையும் பிரித்துக் காட்டக்கூடியது. அழகான கணிதம், ஐயமில்லை.

ஆனால் அது நான்கு விஷயங்களை நம்பியிருக்கிறது. மூலங்கள் எத்தனை என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருக்க வேண்டும். ஹைட்ரோஃபோன்களின் இடமும் உணர்திறனும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இரைச்சல் அடக்கமாக இருக்க வேண்டும். இங்கே எதிரொலிகள் மூலத்தின் நகல்கள், நீரோட்டம் வரிசையை வளைக்கிறது, இறாலைப் பற்றி முன்பே சொன்னேன். நகல்கள் இருக்கும்போது அணியின் தரம், அதாவது அதில் தனித்தனியாகத் தெரியும் மூலங்களின் எண்ணிக்கை, குறைந்து இரண்டு மூலங்கள் ஒன்றாகக் குழைந்துவிடும். வரிசையைச் சிறு துணைவரிசைகளாகப் பிரித்துச் சராசரி எடுக்கும் உத்தி இதைச் சரிசெய்யும், அதற்கு விலையாக வரிசையின் பயன்தரு நீளம் குறையும்.

என் மாணவர்களிடம் சொல்வது இது: முதலில் சாதாரண பீம்ஃபார்மிங் வரைபடத்தைப் போடுங்கள். அதில் மங்கலாகவாவது தெரியும் ஒன்றை மியூசிக் கூர்மையாக்கினால் ஏற்றுக்கொள்ளுங்கள். அதில் சுவடே இல்லாத இடத்தில் மியூசிக் ஊசிபோல ஓர் உச்சியைக் காட்டினால் நம்பாதீர்கள்.

ஒலிவேகம் 1,500 என்று போட்டால் போதாதா?

நேர் எதிரே இருப்பதற்குப் போதும். விலக விலகப் பிழை வளரும். உண்மை வேகம் 1,540 ஆக இருக்கும்போது 1,500 என்று போட்டால், 30 டிகிரியில் உள்ளது 29.1 ஆகத் தெரியும். 70 டிகிரியில் உள்ளது 66.2 ஆகத் தெரியும். வெப்பமானி ஒன்றை இறக்கி அளந்துவிடுங்கள். வேகத்தை அதிகம் மாற்றுவது வெப்பம்தான், உப்பின் பங்கு அதைவிடக் குறைவு.

வலப்பக்கமா இடப்பக்கமா என்று வரிசை சொல்லாதாமே?

நேர்கோட்டு வரிசை சொல்லாது. இரு பக்கமும் தாமதம் ஒன்றுதான். வரிசையைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள், உண்மையான திசை அசையாமல் நிற்கும், பொய்யானது நகரும். வட்டமாகவோ முக்கோணமாகவோ அமைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அழுத்தத்தோடு துகள் அசைவின் திசையையும் அளக்கும் திசையன் உணரி ஒன்றே தனியாக இதைத் தீர்த்துவிடும், விலைதான் அதிகம்.

திசையை வைத்துத் தூரத்தையும் சொல்ல முடியுமா?

ஒரே இடத்தில் அசையாமல் இருந்து கேட்டால், நேராகச் செல்லும் கப்பலின் தூரத்தைத் திசையால் மட்டும் தீர்மானிக்க முடியாது. அருகில் மெதுவாகப் போகும் படகும் தொலைவில் வேகமாகப் போகும் கப்பலும் திசையில் ஒரே விதமாக நகரலாம். இரண்டு இடங்களில் கேட்டு இரு கோடுகள் வெட்டும் புள்ளியைக் காணலாம், அல்லது கேட்பவர் தன் பாதையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சுழலியின் தாளம் துணைக்கு வரும். நான்கு இதழ்ச் சுழலி நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றினால் நொடிக்கு 6.7 துடிப்பு கேட்கும். அது தூரத்தைச் சொல்லாது. ஆனால் இரு இடங்களில் கேட்டது ஒரே கப்பல்தானா என்று உறுதிசெய்யும்.

இந்தக் கேட்கும் கருவிகளால் ஓங்கில்களுக்கு (டால்பின்களுக்கு) தீங்கு வருமா?

வெறுமனே கேட்பதால் எந்தத் தீங்கும் இல்லை. சத்தமாக ஒலி அனுப்பும் கடற்படைச் சோனார் வேறு. 2000ஆம் ஆண்டில் பஹாமாஸில் திமிங்கிலங்கள் கரையொதுங்கியதற்கு அது காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. நம் தென்தீவுகளின் பக்கம் இளஞ்சிவப்பு ஓங்கில்கள் வந்துபோகின்றன. எதையாவது அனுப்பிச் சோதிக்க விரும்பினால் அவற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுக நீரில் எந்தக் கருவியை இறக்குவதற்கு முன்பும் அனுமதி பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் மகளின் குழு ஒரு போட்டிக்காக நீச்சல்குளத்தில் ரோபோவை வைத்து ஒலிக்கருவி இருக்கும் இடத்தைத் தேடுகிறது. திசை தாறுமாறாக வருகிறது. ஏன்?

சென்ற ஆண்டு ஒரு தாயார் கேட்டது. மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

விமானத்தின் கறுப்புப் பெட்டி அனுப்பும் ஒலி 37.5 கிலோஹெர்ட்ஸ். போட்டிக் கருவிகளும் அதை ஒட்டியே இருக்கும். அரை அலைநீளம் வெறும் 2 சென்டிமீட்டர். ரோபோவின் நான்கு மூலைகளில் ஹைட்ரோஃபோனை வைத்தால் பொய்த் திசைகள்தான் கிடைக்கும்.

இரண்டாவது, குளத்தின் சுவர். நேர்வழி 10 மீட்டர், சுவரில் பட்ட வழி 13 மீட்டர் என்றால் எதிரொலி 2 மில்லிநொடி பிந்தி வரும். துடிப்பின் முதல் ஒரு மில்லிநொடியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும். குளத்து நீர் உப்பில்லாதது, ஒலிவேகத்தை 1,505க்கு அருகில் வையுங்கள்.

மூன்றாவது, மலிவான மாதிரியெடுக்கும் சில்லுகள் ஹைட்ரோஃபோன்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 10 மைக்ரோநொடி இடைவெளி என்றாலே 37.5 கிலோஹெர்ட்ஸில் 135 டிகிரி கட்டப்பிழை (ஒரு முழு அலையை 360 டிகிரி என்று கொண்டால் ஏற்படும் விலகல்). எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பிடிக்கும் சில்லு வேண்டும், இல்லையென்றால் அந்த இடைவெளியை அளந்து கணக்கில் கழிக்க வேண்டும். அந்தக் குழுவுக்கு இருந்தது இந்த மூன்றாவது நோய்தான்.

செயற்கை நுண்ணறிவே இதையெல்லாம் செய்துவிடாதா?

நரம்பு வலையமைப்புகள் சில ஆய்வுகளில் நன்றாக வேலை செய்கின்றன. பழக்கிய கடலும் பயன்படுத்தும் கடலும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறொரு கடலில் பழக்கியதை இங்கே கொண்டுவந்தால் அது இறாலையே கேட்டிருக்காது. வெட்டிய, பீம்ஃபார்மிங் செய்த வரைபடத்தைக் கொடுத்துப் பழக்குங்கள், வெறும் அலைவடிவத்தைக் கொடுப்பதைவிடக் குறைந்த பதிவுகளே போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் விடை தப்பாக வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கம்பிகளை. ஒருமுறை 8 ஹைட்ரோஃபோன் வரிசையோடு இரண்டு வாரம் போராடினேன். நேர் எதிரே வரும் படகு சரியாகத் தெரியும், பக்கவாட்டில் போனதும் திசை சிதறும். சூத்திரத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். கடைசியில், தண்ணீருக்கு வெளியே ஒவ்வொரு ஹைட்ரோஃபோனையும் வரிசையாக விரலால் தட்டிக்கொண்டே திரையைப் பார்த்தபோது, மூன்றைத் தட்டினால் ஐந்தாம் கோடு துள்ளியது. நேர் எதிரே இருக்கும்போது எல்லாத் தாமதமும் பூச்சியம் என்பதால் கம்பி மாறியிருந்தது தெரியவே இல்லை. இப்போது இணைப்பி ஒவ்வொன்றிலும் வண்ணப் பட்டை ஒட்டியிருக்கிறேன். வரிசையைத் தண்ணீரில் இறக்கும் முன் ஒன்று முதல் எட்டு வரை விரலால் தட்டி, அந்தத் தட்டலையும் பதிவிலேயே சேர்த்து வைக்கிறேன்.